லாஸ் வேகாஸ் வழியாகக் கிராண்ட் கன்யன்: ஒரு குடும்பத்தின் பயணத் திட்டம்



வருமான வரி, வீட்டுக்கடன் வட்டி என்று மாதாமாதம் உங்கள் பொறுமையைச் சோதிக்கும் நான், இம்முறை சுற்றுலா பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயப்பட வேண்டாம், கணக்கும் வரும்.

எம்மவர்களிடையே விடுமுறைப் பேச்சு எழும்போதெல்லாம் லாஸ் வேகாஸ் என்ற பெயர் வந்துவிடுகிறது. ரொறன்ரோவிலிருந்து நேரடி விமானம், ஏறக்குறைய ஐந்து மணித்தியாலப் பறப்பு, விளம்பரத்தில் மலிவான அறை. ஆனால் அங்கு போவோர் எல்லோரும் சூதாடப் போவதில்லை. கிராண்ட் கன்யன், சயன், மரணப் பள்ளத்தாக்கு, ஹூவர் அணை ஆகிய அத்தனைக்கும் வாசல் அந்த ஊர்தான். அந்த வாசலைத் தாண்டுவதே சில குடும்பங்களுக்குப் பெரிய காரியம். எங்கள் குடும்பம் அப்படியானது.

என் மூத்த அக்கா ஊரில் புவியியல் ஆசிரியையாக இருந்தவர். கொலராடோ ஆறு பாறையை அரித்து உண்டாக்கிய பள்ளத்தாக்கைக் கரும்பலகையில் வெண்கட்டியால் கீறி எத்தனையோ வகுப்புகளுக்குப் படிப்பித்தவர். 1980களின் கடைசியில் கனடாவுக்கு வந்தபின் அதை நேரில் பார்க்கலாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. பார்க்கவில்லை. காரணம் அத்தான்.

இதை அத்தானின் முழுச் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். "பேர் மட்டும் சொல்லாதையும், மிச்சத்தைச் சொல்லும், ஆருக்கும் உதவும்" என்றார். இரண்டு வேலை செய்து, ஒரு வீடும் வாங்கிய மனிதர். வார இறுதியில் நண்பர்களோடு பஸ்ஸில் ஏறி ஒரு சூதாட்ட விடுதிக்குப் போய்வரத் தொடங்கினார். பஸ்ஸுக்குக் காசில்லை, சாப்பாட்டுக்குக் கூப்பன். சில வருடங்களில் வீட்டின்மேல் இரண்டாவது கடன் வந்தது, பிறகு வீடே போனது. 2005இல் நிறுத்தினார். ஒன்ராறியோவில் தன்னைத் தானே உள்ளே விடவேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. அதில் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகு ஒரு லொத்தர் சீட்டுக்கூட வாங்கவில்லை.

2024இல் அக்காவின் மகள், அம்மாவைக் கன்யனுக்குக் கூட்டிப்போவோம் என்று கதையைத் தொடங்கினாள். அக்கா ஒரேயடியாக மறுத்தார். "நீங்கள் போட்டு வாங்கோ. நான் படத்தில பாத்தனான்தானே." அத்தானுக்கு அது பொறுக்கவில்லை. "என்னைச் சாட்டி நீர் போகாம விடாதையும்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, திட்டத்தை நீர் போடும். மூண்டு விசயம். மிசின் இருக்கிற கட்டடத்தில நான் படுக்கமாட்டன். கையில கார்ட் ஒண்டும் வேண்டாம். மற்றது, என்னைக் காவல் காக்கிற வேலை ஒருத்தருக்கும் வேண்டாம்."

முதல் இரண்டும் திட்டத்தால் முடியும். மூன்றாவது எங்கள் ஏழு பேரின் கண்களையும் பொறுத்தது.

நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது 1931இல். அதே ஆண்டில்தான் ஹூவர் அணை வேலையும் தொடங்கியது. அணையைக் கட்டிய அமெரிக்க மத்திய அரசு, தன் தொழிலாளர்கள் சம்பளத்தைச் சூதிலும் குடியிலும் விடக்கூடாது என்று பவுல்டர் சிற்றி என்று ஒரு நகரையே கட்டியது. அங்கே சூதாட்டத்துக்குத் தடை. மது விற்பனைக்கான தடை 1969இல் நீங்கியது, சூதாட்டத் தடை இன்றும் இருக்கிறது. முழு நெவாடாவிலும் இப்படி இருப்பது இரண்டே ஊர்கள், மற்றது பனாக்கா என்ற சிற்றூர். பவுல்டர் சிற்றி லாஸ் வேகாஸ் விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர். இதைக் கண்டுபிடித்த அன்று, வரிக் கோவையில் மறந்துபோன கழிவு ஒன்றைக் கண்டெடுத்ததுபோல எனக்குச் சந்தோசம்.

அயல் மாநிலமான யூற்றாவில் சூதாட்டம் முற்றாகத் தடை, லொத்தர்கூட இல்லை. ஆகவே சயன் பூங்காவுக்குப் போகிறவர்கள் யூற்றாப் பக்கம் தங்கினால் இந்தக் கவலை இல்லை. லாஸ் வேகாஸிலேயே தங்க வேண்டுமென்றாலும் சூதாட்டத் தளம் இல்லாத விடுதிகள் சில இருக்கின்றன. பதிவு செய்யுமுன் நேரே தொலைபேசி எடுத்து, அறைக்குப் போகும் வழியில் இயந்திரம் உண்டா என்று கேளுங்கள். மற்றப் பெரிய விடுதிகளில் மின்தூக்கிக்கும் சாப்பாட்டுக்கும், ஏன், கழிப்பறைக்கும் அந்தத் தளத்தின் நடுவேதான் போகவேண்டும். சீனி வருத்தம் உள்ள அத்தானைப் போன்றவர்கள் ஒரு நாளில் எத்தனை முறை அதைக் கடக்க வேண்டிவரும் என்று நினைத்துப் பாருங்கள்.

இயந்திரங்கள் விடுதியோடு நிற்பதில்லை. நெவாடாவில் பெற்றோல் நிலையங்களிலும் பலசரக்குக் கடைகளிலும் காண்பீர்கள். பவுல்டர் சிற்றி எல்லையைத் தாண்டியவுடன், இரு பக்கப் பெருந்தெருக்களிலும் விடுதிகள் இருக்கின்றன. ஆகவே பெற்றோல், தண்ணீர், பழம், பாண் எல்லாவற்றையும் பவுல்டர் சிற்றிக்குள்ளேயே வாங்குவதென்று முடிவு செய்தோம்.

விமான நிலையத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2021 டிசம்பரிலிருந்து ஹாரி ரீட் என்ற பெயரில் இயங்கும் அந்த நிலையத்தில், விமானம் ஏறும் வாசல்களின் அருகிலேயே வரிசையாக இயந்திரங்கள். பீனிக்ஸில் இறங்கி ஓடிப்போகலாமா என்றும் பார்த்தேன். ஏழு ரிக்கற்றின் வித்தியாசம் ஆயிரம் டொலருக்கு மேல் வந்தது. நான் தருகிறேன் என்றேன். அத்தான் விடவில்லை. "இருவது வரியமா பிக்கரிங்ல, நயாகராவில எல்லாம் வாசலால போய்வந்தனான். இதையும் கடப்பன்" என்றார்.

இனி அறை வாடகைக் கணக்கு. சூதாட்ட விடுதிகளில் 60 டொலர் என்று போட்டிருக்கும் அறைக்கு, 'ரிசோர்ட் கட்டணம்' என்று நாளொன்றுக்கு இன்னொரு தொகை சேரும். ஓர் எடுத்துக்காட்டாக அதை 45 டொலர் என்று வையுங்கள். மொத்தம் 105. அதன்மேல் அறை வரி 13 வீதத்துக்குச் சற்று மேல். ஏறக்குறைய 119. நாங்கள் போன நேரத்து மாற்று விகிதமான 1.38ஆல் பெருக்கினால் 164 கனடிய டொலர். வாகனம் நிறுத்தப் பல இடங்களில் வேறாகக் கட்டவேண்டும். 2025 மே 12 முதல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் விதி, கட்டாயக் கட்டணங்களை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்டவேண்டும் என்கிறது. அரச வரியை அப்போதும் வேறாகக் காட்டலாம். நாங்கள் தங்கியது சிறிய விடுதி. அறை விலை கூடத்தான், ஆனால் இந்த ஒட்டுக் கட்டணம் இல்லை. மூன்று அறைக்கு நான்கு இரவுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது வித்தியாசம் 200 கனடிய டொலர்கூட இல்லை.

தேசியப் பூங்காக் கட்டணத்தில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது, கவனியுங்கள். நாங்கள் 80 டொலருக்கு ஆண்டு அனுமதி எடுத்தோம், வாகனத்தில் இருந்த எல்லோருக்கும் போதும். 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு ஆண்டு அனுமதி 250 டொலர். அது இல்லாமல் போனால், கிராண்ட் கன்யன், சயன் உட்பட 11 பூங்காக்களில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் வழமையான கட்டணத்தோடு 100 டொலர் மேலதிகம். எங்களைப்போல் ஏழு பேர் என்றால் கன்யனுக்கு மட்டும் வாகனத்துக்கு 35, தலைக்கு 100 படி 700, மொத்தம் 735. 250 கொடுத்து அனுமதி எடுப்பதுதான் புத்தி. தனியாகப் போகிறவர் ஒரே பூங்காவைத்தான் பார்ப்பார் என்றால் எடுக்கத் தேவையில்லை. கண்ணாடி நடைபாலம் இருக்கும் மேற்குக் கரை தேசியப் பூங்கா அல்ல, ஹுவாலபாய் மக்களின் நிலம். அங்கே இந்த அனுமதி செல்லாது, அவர்களுடைய சீட்டுத்தான். வேகாஸிலிருந்து இரண்டரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம் என்பதால் முகவர்கள் அதைத்தான் விற்பார்கள். அக்காவின் வெண்கட்டிப் படம் தெற்குக் கரை. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம், ஓரிரவு வழியில் தங்கவேண்டும்.

பத்திரங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கனடியக் கடவுச்சீட்டு உள்ளவருக்குச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. நிரந்தர வதிவிட அட்டையோடு இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும், அகதிகளுக்கான பயணப் பத்திரம் வைத்திருப்பவருக்கும் அமெரிக்க விசா வேண்டும். நேர்முகத்துக்கு நாள் கிடைக்க மாதக்கணக்காகலாம், ஆகவே விசாவுக்கு முன் ரிக்கற் எடுக்காதீர்கள். அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்கள் கனடாவை விட்டு வெளியே போகும் யோசனையையே வைக்கவேண்டாம். எங்கள் பெயர்ச் சிக்கலும் இருக்கிறது. ஒருவருக்குத் தகப்பன் பெயர் முன்னால், இன்னொருவருக்குப் பின்னால். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே ரிக்கற்றில் இருக்கட்டும். பியர்சன் விமான நிலையத்திலேயே அமெரிக்கக் குடிவரவுச் சோதனை நடப்பதால், பிழை இருந்தால் ரொறன்ரோவிலேயே நின்றுவிடுவீர்கள்.

மருத்துவக் காப்புறுதி இல்லாமல் எல்லை தாண்டாதீர்கள். வெளிநாட்டு வைத்தியசாலையில் தங்க நேர்ந்தால் ஓகிப் தருவது நாளொன்றுக்கு ஆகக்கூடியது 400 டொலர். அமெரிக்க வைத்தியசாலைக் கட்டணத்தில் அது எந்த மூலைக்கு? பிரஷர், சீனி உள்ளவர்கள் காப்புறுதிப் பத்திரத்தில் 'நிலையான காலம்' என்று இருப்பதை வாசியுங்கள். 90 நாள் அல்லது 180 நாள் என்று இருக்கும். அந்தக் காலத்துக்குள் குளிசையின் அளவை வைத்தியர் மாற்றியிருந்தாலே அந்த நோய்க்கான செலவை மறுக்கலாம். பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே அத்தானின் குளிசை விபரத்தை எழுதி நிறுவனத்திடம் கடிதமாகப் பதில் வாங்கினேன்.

காலநிலை. 2024 யூலை 7 அன்று லாஸ் வேகாஸில் 48.9 பாகை, அந்த நகரில் பதிவான ஆகக்கூடிய வெப்பம். மழை வருடத்துக்கு நான்கு அங்குலம்தான். பாடசாலை விடுமுறை என்று யூலையில் முதியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. நாங்கள் தேர்ந்தது ஒக்ரோபர் நடுப்பகுதி. அப்போதும் பகலில் வெயில்தான். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தண்ணீர் இழப்பது தெரியாது. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் கணக்கில் வானில் ஏற்றினோம். தெற்குக் கரை கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரம், விடியற்காலையில் குளிர்ச்சட்டை வேண்டும்.

ஓர் இரவு இளையவர்களோடு நானும் மனைவியும் லாஸ் வேகாஸ் பெருந்தெருவுக்குப் போனோம். அந்தத் தெருவின் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை, மாவட்ட நிர்வாகத்தின்கீழ் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நீரூற்று நடனத்தைத் தெருவோரத்தில் நின்று இலவசமாகப் பார்க்கலாம். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சூதாட்டத் தளத்தைக் கடந்து போகலாம், தரித்து நிற்கக்கூடாது. என் மகனுக்கு வயது 19. சில்லுச் சுழலும் மேசையை எட்டிப் பார்த்தான், காவலாளி கையைக் காட்டினார்.

அவனுக்கு அன்றிரவு வானுக்குள் வைத்துக் கணக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்கச் சில்லில் 38 குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு டொலர் வையுங்கள், 38 டொலர் செலவு. ஏதோ ஒன்றில் பந்து விழத்தான் வேண்டும். உங்களுக்குத் திரும்பி வருவது 36. இரண்டு டொலர் மேசையில் நின்றுவிடும். 5.26 வீதம். அண்மைக் காலமாகச் சில இடங்களில் மூன்று பூச்சியம் வைத்து 39 குழியாக்கிவிட்டார்கள். திரும்பி வருவது அதே 36தான், இழப்பு 7.69 வீதம். இருபத்தொன்று ஆட்டத்தில் முன்பு 10 டொலருக்கு 15 கொடுத்த இடத்தில் பல மேசைகள் 12தான் கொடுக்கின்றன. இயந்திரங்கள் போட்ட காசில் நீண்டகாலச் சராசரியில் குறைந்தது 75 வீதத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது நெவாடா விதி. பெரும்பாலானவை அதைவிடக் கூடத் தரும் என்பார்கள். இருக்கட்டும், ஒரு சுழற்சிக்கு இழப்பு சிறிது, ஆனால் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை நூறு சுழற்சி? எந்த வியாபாரத்தின் இலாப நட்டக் கணக்கிலும் இவ்வளவு நிச்சயமான வரவை நான் கண்டதில்லை.

வென்றால்? இயந்திரத்தில் பெருந்தொகை விழுந்தால் அது நின்றுவிடும், பணியாளர் வந்து கடவுச்சீட்டைக் கேட்பார். அமெரிக்காவில் வசிக்காதவர் என்பதால் 30 வீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு 1042-எஸ் என்ற பத்திரம் தருவார்கள். அதை எறியாதீர்கள். கனடா அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அந்த ஆண்டில் அமெரிக்காவில் இழந்த தொகையை வென்ற தொகையிலிருந்து கழிக்கலாம். இழப்புக்குப் பதிவு வேண்டும், 1040-என்ஆர் படிவமும் வரி இலக்கமும் வேண்டும். பொழுதுபோக்காக ஆடி வெல்வதற்குக் கனடாவில் பொதுவாக வரி இல்லை, தோற்றதைக் கழிக்கவும் முடியாது.

அத்தான் அன்றிரவு பவுல்டர் சிற்றிப் பூங்கா ஒன்றில் அக்காவோடு இருந்தார். மலையிலிருந்து பெருங்கொம்புக் காட்டு ஆடுகள் புல் மேய அங்கே இறங்கிவரும். நாங்கள் திரும்பியபோது பத்துப் பதினைந்து ஆட்டின் படங்களைக் கைபேசியில் காட்டி, ஒவ்வொன்றுக்கும் என்ன வயது இருக்கும் என்று எங்களைக் கேட்டார். வன்னியில் ஆடு மாடோடு வளர்ந்த மனிதர்.

மறுநாள் அணை. 221 மீற்றர் உயரம், 1935 செப்ரெம்பர் 30 அன்று ரூஸ்வெல்ற் திறந்துவைத்தது. வேலையின்போது இறந்தவர்கள் உத்தியோகபூர்வமாக 96 பேர். மீட் ஏரியின் ஓரப் பாறைகளில் பழைய நீர்மட்டம் வெள்ளைப் பட்டியாகத் தெரியும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை அடிக்கணக்கில் கேட்டு வளர்ந்த அத்தானுக்கு அது உடனே விளங்கிவிட்டது. "எத்தனை அடி இறங்கியிருக்கு?" என்று வழிகாட்டியைக் கேட்கச் சொன்னார். நிறைந்தால் கடல் மட்டத்திலிருந்து 1,229 அடி, 2022 யூலையில் ஏறக்குறைய 1,040 வரை இறங்கியது. தென் நெவாடாவின் தண்ணீரில் ஏறக்குறைய 90 வீதம் இந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. வீடுகளுக்குள்ளும் விடுதிகளுக்குள்ளும் பாவித்த தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்ப ஏரிக்கே விடுகிறார்கள். "அப்ப வெளியில புல்லுக்கு விடுறதுதான் நட்டம்" என்றார் அத்தான். உண்மையும் அதுதான்.

கன்யனில் அக்கா அழுவார் என்று அவர் மகள் கைக்குட்டை எல்லாம் வைத்திருந்தாள். அக்கா அழவில்லை. கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு மைலுக்கு மேல் ஆழமான அந்தப் பள்ளத்தின் படைகளை மேலிருந்து கீழாக எண்ணிப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். ஆக அடியில் இருக்கும் கரும்பாறைக்கு விஷ்ணு என்றே பெயர், வயது 170 கோடி ஆண்டுக்கு மேல். எதிரே தெரியும் குன்றுகளுக்கும் விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பெயர்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர் தொடக்கிவைத்த வழக்கம். பக்கத்தில் நின்ற வேறு நாட்டுப் பிள்ளைகள் இருவர், மொழி விளங்காமலே அக்காவின் கை போன திசையெல்லாம் பார்த்தார்கள்.

திரும்பும் விமானம் இரண்டு மணித்தியாலம் பிந்தியது. நான் பயந்ததும் அதற்குத்தான். வாசலைச் சுற்றி மணியோசையும் வெளிச்சமும். அத்தான் எழும்பினார். என் மகனும் எழும்பினான். "நீ இரு தம்பி, நான் நடந்துபோட்டு வாறன்" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. மகன் இருந்துவிட்டான். நாற்பது நிமிடம் கழித்து வந்த அத்தான், மண்டபத்தை எத்தனை முறை சுற்றினேன் என்று கைபேசியில் காலடிக் கணக்கைக் காட்டினார். அக்கா பாதிப் பழத்தை நீட்டினார்.

இப்போது பிக்கரிங்கிலேயே 2021இலிருந்து பெரிய சூதாட்ட விடுதி இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து ஒன்ராறியோவில் பல நிறுவனங்களின் சூதாட்டம் கைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிக்கல் இருந்தால் கனெக்ஸ் ஒன்ராறியோ 1-866-531-2600. எந்நேரமும் எடுக்கலாம், இலவசம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். கடன் கணக்கை ஒழுங்குபடுத்த உதவி வேண்டுமென்றால் நிலையத்தில் எனக்குக் குறிப்பு வையுங்கள். பெயர் எழுதத் தேவையில்லை, திரும்ப அழைக்க ஓர் இலக்கம் போதும்.

அடுத்த மாதம் மறுபடியும் வரிக் கதைதான்: வயோதிபப் பெற்றோரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் கோரக்கூடிய கழிவுகள்.